மணிக்கு இரண்டேகால் மைல்

பக்ருதீன் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். வண்டி நன்றாக ஓடியது; அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆபீசில் போய்ச் சொன்னார்.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துவந்தவர் அவர். யுத்த காலத்தில் ராணுவப் பட்டறையில் நாலு வருஷம் வேலை செய்தவர். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டார். அளவெடுக்கத் தெரிந்தால் எந்த எஞ்சினையும் எந்த வண்டியிலும் உட்கார வைக்கலாம் என்பது முதலாவது. எதைச் செய்தாலும் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது இரண்டாவது. முதல் பாடம் அவருக்குச் சோறு போட்டது. இரண்டாவது என்ன செய்தது என்பதுதான் கதை.

எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் எடுத்துப் பட்டணத்து மார்க்கெட்டில் விற்கிற பன்னிரண்டு பெண்கள் கூட்டாகச் சேர்ந்து, ராணுவம் கழித்துப்போட்ட பிக்கப் வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி சொக்கம்மாள். இறாலுக்கு வெயில் ஆகாது. ஒன்பது மணிக்கு மேல் தலை கறுத்துவிடும். கறுத்த இறாலை மார்க்கெட்டில் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. மாட்டு வண்டியில் ஏற்றினால் தண்டையார்பேட்டை தாண்டும்போதே கறுக்க ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் மோட்டார் வண்டி.

வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒன்பது மைல். யுத்தம் முடிந்து நாலு வருஷம் ஆகியும் பெட்ரோலுக்குக் கூப்பன் கட்டுப்பாடு முடியவில்லை. கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலில் மாசத்துக்குப் பத்து நாள் வண்டி ஓடும். மிச்ச இருபது நாள் குப்பத்துக் கோழிகள் அதில் அடைகாக்கும்.

"பாய், இது பெட்ரோல் குடிக்கல, குளிக்குது" என்றாள் சொக்கம்மாள், கொட்டகை வாசலில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து. "கம்மியா குடிக்கணும், வெரசா ஓடணும். எனுக்கு ரெண்டும் ஓணும்."

"ரெண்டும் ஒண்ணா கெடைக்காதுக்கா."

"கம்மியா தின்னு வெரசா ஓடுற மாடு கீது. மோட்டாருல மட்டும் இல்லியா இன்னா?"

அந்தக் கேள்வி பக்ருதீனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. பிறகு துறைமுகத்தில் அடிப்பலகை பிளந்து கரையேற்றிப் போட்டிருந்த ஒரு மோட்டார் படகிலிருந்து நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பிடித்தார். பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கினார். டீசலை உட்கார வைக்கக் குறுக்குச் சட்டத்தை அறுத்து வேறு சட்டம் பற்றவைத்தார். எஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்க ஒரு தகடு தேவைப்பட்டது. கப்பல் ரிப்பேர் பட்டறை லேத்தில் அதை மூன்று தடவை கடைந்தார்; மூன்றாவதுதான் பொருந்தியது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப்போல் படபடவென்று சுற்றாது. நிதானமாகச் சுற்றும், இழுவை அதிகம். அதனால் அது ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் முன்னைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். அதற்காக, லாரியில் மோதி நொறுங்கிய ஓர் அமெரிக்கக் காரின் பின் அச்சிலிருந்து பல்சக்கரங்களைக் கழற்றிப் பொருத்தினார். இரண்டு மாசம் ஆயிற்று.

வெள்ளோட்டம் எர்ணாவூரிலிருந்து எண்ணூர்வரை. சொக்கம்மாளின் தம்பி ராசையாதான் ஓட்டினான். இருபத்துநாலு வயது, அக்கா வளர்த்த பிள்ளை, கூட்டு வண்டிக்கு அவன்தான் டிரைவர். உப்பளத்தை ஒட்டிய நேர் ரோட்டில் வேக முள் ஐம்பதைத் தாண்டியது. ராசையா முள்ளைப் பார்ப்பதும் பக்ருதீனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"பாய், இது ஓடல. தூக்கிகினு போவுது."

"ரோட்டப் பாருடா."

திரும்பி வந்து டாங்கியில் குச்சி விட்டு அளந்தார்கள். காலனுக்கு இருபத்தேழு மைல். பக்ருதீன் இரண்டாவது தடவையும் அளந்தார். அதேதான்.

"நாளைக்கே லோடு ஏத்திடலாம்" என்றாள் சொக்கம்மாள்.

"இருக்கா. எஞ்சின் நம்பர் மாறிப்போச்சு. ஆபீசுல எழுதிடணும். இல்லாங்காட்டி வழில நிறுத்துவான்."

"நிறுத்துனா நான் பேசிக்கிறேன். இம்மாம் நாளு பேசாமயா கீறேன்?"

"இப்ப நம்ம கவர்மெண்டுக்கா. வெள்ளக்காரன் இல்ல. ஒரு வாரத்துல முடிஞ்சுடும்."

சொக்கம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் எஞ்சின் விஷயம் அவருக்குத் தெரிந்தால் ஆபீஸ் விஷயமும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மோட்டார் வண்டி உருமாற்றப் பரிசீலனை அலுவலகம், தண்டையார்பேட்டைக்கு அப்பால் ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருந்தது. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. வாசலில் 'காத்திருப்போர் காத்திருக்கவும்' என்று பலகை. அதற்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தால், பலகையை எழுத்துப் பிசகாமல் அனுசரிக்கிறவர்கள் என்று தெரிந்தது.

தலைமை குமாஸ்தா பக்தவச்சலம் மனுவை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"உம்ம வண்டியின் எஞ்சின் நம்பர் என்ன?"

பக்ருதீன் புது நம்பரைச் சொன்னார்.

"ரிஜிஸ்தரில் அந்த நம்பர் இல்லை. ஆகவே அப்படி ஒரு வண்டி இல்லை."

"பழைய எஞ்சினை எடுத்துட்டு இத போட்டுக்கீறேன், சார். அத எழுதத்தான் வந்தேன்."

"இல்லாத வண்டியில் எப்படி எஞ்சின் போட்டீர்?"

வண்டி வாசலில் நிற்கிறது என்று பக்ருதீன் கையைக் காட்டினார். பக்தவச்சலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாசலில் நிற்பதைப் பார்ப்பது அவருடைய செக்‌ஷன் அல்ல. ரிஜிஸ்தரில் உள்ள வண்டி உயிரோடு இருக்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பழைய எஞ்சினோடு வண்டியை ஓட்டிவந்து காட்ட வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

"இங்க நெறய பேரு எஞ்சின் மாத்திகினு வருவாங்களா சார்?" என்று பக்ருதீன் கேட்டார்.

"இந்த அலுவலகம் ஏற்பட்டுப் பத்து வருஷம். இதுவரை ஒரு அனுமதிகூடத் தவறாகக் கொடுத்ததில்லை."

"எத்தினி குடுத்துகீறீங்க?"

"இன்னும் கொடுக்கவில்லை" என்றார் பக்தவச்சலம்.

நாலு நாள் வேலை செய்து டீசலை இறக்கிப் பழைய பெட்ரோல் எஞ்சினை ஏற்றினார்கள். பத்து நாளைய கூப்பனில் மிச்சமிருந்ததை ஊற்றி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்தத் தடவை பரிசீலனை அதிகாரியே வெளியே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை, கையில் ஒரு சின்னப் பிரம்பு. வண்டியை இடமிருந்து வலமாக ஒரு தடவையும் வலமிருந்து இடமாக ஒரு தடவையும் சுற்றினார். பிரம்பால் எஞ்சினைத் தட்டினார்.

"மனுவில் எஞ்சின் மாற்றப்பட்டதாக எழுதியிருக்கிறது. இந்த வண்டியில் எஞ்சின் மாற்றப்படவே இல்லையே."

"நீங்கதான் சார் பழசோட கொண்டாரச் சொன்னீங்க."

"பழசோடு கொண்டுவந்தால் பழையது இருக்கிறது என்று தெரியும். மாற்றியது எப்படித் தெரியும்?" அதிகாரி பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று குரலை உயர்த்தினார். "பொதுமக்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு வண்டி வேகமாகப் போகிறது என்றால் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது என்றால் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். இரண்டும் நல்லபடியாக இருக்கிறது என்று ஒருவன் வந்து சொன்னால், எங்கோ திருட்டு நடக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கத்தான் சர்க்கார் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறது. கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆனாலும் நான் உட்கார்ந்திருக்கத் தயார்."

பெஞ்சில் இருந்த ஒருவர் கைதட்டினார். அவர் மூன்று வருஷமாக வருகிறவர்.

மறுபடி நாலு நாள். டீசலை ஏற்றினார்கள். ஆனால் அனுமதி இல்லாத எஞ்சினை ரோட்டில் ஓட்டினால் குற்றம். ஆகையால் வண்டியை எஞ்சின் உதவியில்லாமல் ஆபீசுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு சேவகர் வந்தார். இடுப்பில் பித்தளை வில்லை, கழுத்தில் விசில். எண்ணெய்க் குழாயின் திருகை மூடி, அதில் கம்பி கோத்து, ஈயத்தில் முத்திரை குத்தினார். நாற்பத்தொன்றாம் நம்பர் சீல். ஒரு பத்திரத்தையும் நீட்டினார்.

பக்ருதீனின் மனைவி ரஹீமுன்னிசா நாலாவது வரை படித்தவள். பத்திரத்தை வாங்கி உரக்கப் படித்தாள். சீல் அறுந்தால் வண்டி சர்க்காரைச் சேரும். மெக்கானிக்கும் டிரைவரும் ஆறு மாசம் ஜெயிலுக்குப் போக வேண்டும். சீல் எந்தக் காரணத்தால் அறுந்தாலும் காரணம் கேட்கப்படமாட்டாது.

"இன்னாங்க இது. தீப்புடிச்சாகூட அறுக்கக்கூடாதா?"

"தீயெல்லாம் புடிக்காது. படிக்காம குடு."

பக்ருதீன் கையெழுத்துப் போட்டார். ராசையா பெருவிரலை மையில் தொட்டு வைத்தான். வைத்துவிட்டு விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஒரு வாரம்தானே பாய்" என்றான்.

கழுத்தில் மணி தொங்குகிற இரண்டு மாடுகளை வாடகைக்குப் பிடித்துப் பம்பரில் கயிறு கட்டினார்கள். மாட்டுக்காரர் முன்னால், ராசையா ஸ்டியரிங்கில், பக்ருதீன் பக்கவாட்டில், விசிலோடு சேவகர் பின்னால். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இந்த ஊர்வலம் போனபோது எதிரில் வந்த கள்ளு வண்டிக்காரன், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டான்.

ஆபீஸ் முற்றத்தில் வேகப் பரிசோதனை நடந்தது. சீல் வைத்த எஞ்சினைக் கிளப்பக் கூடாது. பரிசோதனையோ நடந்தாக வேண்டும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, மாடுகள் வண்டியை இழுத்துக்கொண்டு முற்றத்தை ஆறு சுற்றுச் சுற்றின. பக்தவச்சலம் கணக்குப் போட்டு அறிக்கை எழுதினார்: எரிபொருள் செலவு, ஏதுமில்லை, மிகத் திருப்தி. புகை, இல்லை. சத்தம், மணிச் சத்தம் மட்டும். வேகம், மணிக்கு இரண்டேகால் மைல், மனுவில் ஐம்பது மைல் என்று எழுதியிருப்பது உண்மைக்கு மாறானது, மறுபரிசோதனை அவசியம்.

"ஒரு தபா எஞ்சினைக் கெளப்பிப் பாருங்க சார்" என்றார் பக்ருதீன். "ஒரே ஒரு தபா. நீங்களே ஒக்காந்து பாருங்க."

"அனுமதி இல்லாத எஞ்சினில் நான் உட்காருவதா?" என்று அதிகாரி கேட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மறுபரிசோதனை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடந்தது. இரண்டாவது வாரம் இரண்டு மைலுக்கு இறங்கியது. மூன்றாவது வாரம் மாடு மாற்றியதில் இரண்டரையாக ஏறியது. அதை முன்னேற்றம் என்று குறித்தார்கள். நாலாவது வாரம் நீராவி ரோடு உருளையில் நிபுணரான ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வண்டியைப் பார்த்து, தண்ணீர் எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டார். ஐந்தாவது வாரம், மாட்டுச் சாணம் முற்றத்தில் விழுந்ததற்கு விளக்கம் கேட்டுப் பக்ருதீனுக்கு ஒரு நோட்டீஸ். அவர் விளக்கம் எழுதிக் கொடுத்தார். அது போதிய விளக்கமாக இல்லை என்று இன்னொரு நோட்டீஸ் வந்தது.

இதற்குள் எண்ணூரில் மழைக்கு முந்தைய இறால் பருவம் பாதி போய்விட்டது. பன்னிரண்டு பெண்களில் மூன்று பேர் கூட்டைவிட்டு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள். சொக்கம்மாள் ஒரு நாள் கறுத்த இறால் கூடையோடு நேராகக் கொட்டகைக்கு வந்து, பக்ருதீனின் மேஜைமேல் கூடையை வைத்துவிட்டுப் போனாள். நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

"அறுத்துப்புட்டு ஓட்டிகினு பூடலாம் பாய்" என்றான் ராசையா. "எவன் கேக்கப்போறான்?"

"ஆறு மாசம்டா. வண்டியும் பூடும். இம்மாம் தூரம் வந்துட்டோம். இன்னும் ஒரு வெள்ளிக்கிழமை."

ஏழாவது வெள்ளிக்கிழமை விடியும்போதே தூறல். நெடுஞ்சாலையிலிருந்து ஆபீசுக்குப் பிரிகிற ரோட்டை, உப்புக் கிடங்குகளுக்கான கூட்ஸ் ரயில் பாதை ஒன்று குறுக்கே வெட்டும். அதற்குக் கேட் கிடையாது. கூட்ஸ் ரயில் வழக்கமாகப் பதினொரு மணிக்கு மேல்தான் வரும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறியபோது வலப்பக்கத்து மாட்டின் கால் வழுக்கித் தண்டவாளத்துக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மாடு மண்டியிட்டது. மற்ற மாடு மிரண்டு இழுத்ததில் கயிறு முறுக்கிக்கொண்டது. வண்டி தண்டவாளத்தின் குறுக்கே நின்றது.

மாட்டுக்காரர் நுகத்தடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் விசில் கேட்டது. சேவகரின் விசில் அல்ல. ரயில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, எட்டு கூட்ஸ் வாகன்கள் முன்னால் வந்துகொண்டிருந்தன. தள்ளுகிற எஞ்சினில் இருப்பவனுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது.

ராசையா ஸ்டியரிங்கிலிருந்து தலையை நீட்டினான். பதற்றமெல்லாம் இல்லை. கையில் கட்டிங் பிளையர் இருந்தது.

"பாய். சீலை அறுத்துரட்டா? கெளப்புனா தாண்டிரும்."

சேவகர் முன்னால் வந்தார். "நாப்பத்தொண்ணாம் நம்பர் சீல். அறுத்தா நான் எழுதியாவணும். அப்பால என்னைச் சொல்லக்கூடாது."

எல்லோரும் பக்ருதீனைப் பார்த்தார்கள். வாகன்கள் இன்னும் தூரத்தில்தான் இருந்தன. அவர் கண்முன் பத்திரம் வந்தது, ரஹீமுன்னிசா படித்த குரல் வந்தது, ஏழு வெள்ளிக்கிழமைகள் வந்தன.

"தொடாத" என்றார். "தொடாதடா. நான் போய் ரயிலை நிறுத்துறேன்."

மேல்துண்டை வீசிக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடினார். வாகன்களுக்குக் கண் இல்லை. அவை அவரைத் தாண்டிப் போன பிறகுதான் எஞ்சின்காரன் துண்டைப் பார்த்து பிரேக்கைப் போட்டான். ஈரத் தண்டவாளத்தில் சக்கரங்கள் கிறீச்சிட்டுக்கொண்டே சறுக்கின.

மாட்டுக்காரர் கயிற்றை அறுத்து மாடுகளை விடுவித்துவிட்டார். ராசையா கீழே இறங்கிப் பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளினான். மாட்டுக்காரரும் ஒரு கை கொடுத்தார். வண்டி அசைந்தது, முன்சக்கரங்கள் தாண்டின, பின்சக்கரங்களும் தாண்டின. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் அவனும் தாண்டியிருப்பான். மாட்டுக்காரர் விலகிக் குதித்தார். ராசையா கடைசியாக ஒரு தடவை தள்ளினான்.

பக்ருதீன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வண்டியின் வால் நசுங்கியிருந்தது. ராசையாவைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. சேவகர் தலையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து போய், எஞ்சின் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டார். சீல் பத்திரமாக இருந்தது.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், வண்டி சம்பந்தமாக ஆஜராக வேண்டும் என்று பக்ருதீனுக்கும் சொக்கம்மாளுக்கும் கடிதம் வந்தது. போனால், முற்றத்தில் பந்தல். அலுவலகம் முழுவதும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. நடுவில் நசுங்கிய வாலோடு வண்டி. ரயில்வேக்காரர்கள் அதை அங்கே இழுத்துவிட்டிருந்தார்கள். பம்பரில் ஒரு சாமந்தி மாலை. அனுதாபக் கூட்டம் என்று பக்தவச்சலம் சொன்னார்.

அதிகாரி எழுந்தார். குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை.

"பெரியோர்களே, நம் அலுவலகத்தின் முத்திரை வெறும் ஈயம்தானே என்று வெளியே கேலி பேசுகிறவர்கள் உண்டு. அதன் மதிப்பு என்ன என்று மேலிடத்திலிருந்தே கேட்டிருக்கிறார்கள். நம்மால் பதில் சொல்ல முடியாமல் இருந்தது. ராசையா பதில் சொல்லிவிட்டார். கையில் கருவி இருந்தது. ஒரு கம்பி. ஒரு நொடி. அறுத்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் அறுக்கவில்லை. நம் முத்திரைக்கு ஒரு மனித உயிரின் மதிப்பு உண்டு என்று இன்று ஆதாரத்தோடு கூற முடியும். இதைவிட ஒரு அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்? எல்லாப் பிரஜைகளும் இவரைப்போல் நடந்துகொண்டால், நமக்கு மேற்கொண்டு வேலையே இருக்காது."

இரண்டு நிமிஷம் மௌனம் அனுசரித்தார்கள். அதிகாரி கடிகாரம் பார்த்து முடித்துவைத்தார். பிறகு சொக்கம்மாளை மேடைக்கு அழைத்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார். எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி. அந்த அலுவலகம் பத்து வருஷத்தில் கொடுத்த முதல் அனுமதி. சொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் திருத்தவில்லை.

"அப்ப வண்டிய எடுத்துகினு போலாமா?" என்று கேட்டாள்.

பக்தவச்சலம் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார். "எஞ்சின் விஷயம் தீர்ந்தது. ஆனால் விபத்தில் வண்டியின் நீளம் ஏழு அங்குலம் குறைந்திருக்கிறது. அதுவும் உருமாற்றம்தானே? அதற்குத் தனி மனு. அதுவரை சீல் அப்படியே இருக்கட்டும். இன்று துக்க தினம் என்பதால் மனுவை நாளைக்குக் கொடுத்தால் போதும்."

பக்ருதீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் அவர் பார்த்துவந்த அதே முகம்தான். கெட்ட மனிதனின் முகம் அல்ல. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உதவி செய்துவிட்ட திருப்தியோடு நின்றது. அப்போதுதான் பக்ருதீனுக்குத் தோன்றியது: தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று 'தொடாத' என்று சொன்னபோது தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அவர் வண்டியிடம் போனார். மாலையை எடுத்துப் பந்தல் காலில் மாட்டினார். எஞ்சின் மூடியைத் தூக்கினார். டிரைவர் சீட்டுக்குக் கீழே பிளையர் கிடந்தது. யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். கம்பியை அறுத்தார். ஈயம் தரையில் விழுந்தது. அவ்வளவு சின்னச் சத்தம்.

"அறுப்பதற்கு மனு கொடுத்தீரா?" என்று பக்தவச்சலம் கேட்டார்.

திருகைத் திறந்தார். பாட்டரியில் உயிர் இல்லை. கைப்பிடியை முன்னால் செருகி இழுத்துச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆறு வாரம் பரிசோதித்த எஞ்சினின் சத்தத்தை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை.

சொக்கம்மாள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேவகர் விசில் ஊதினார். ஊதிக்கொண்டே வாசலுக்கு வழிவிட்டார். அதிகாரி, பிடியுங்கள், துரத்துங்கள் என்று உத்தரவிட்டார். அலுவலகத்துக்கு ஒரு ஜீப் உண்டு. அதற்கு அந்த மாசத்துப் பெட்ரோல் கூப்பன் தீர்ந்துபோயிருந்தது.

பக்ருதீன் ஊர்ப்பக்கம் போகாமல், எண்ணூர் போக வண்டியை நெடுஞ்சாலைக்கு விட்டார். கூட்ஸ் பாதை எதிரே வந்தது. பிரேக்கைத் தொடாமல் போனார். ஒரு குலுக்கல், அடுத்த குலுக்கல், தாண்டிவிட்டது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சொக்கம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இம்மாம் நேரம்தானா?" என்றாள்.

"இம்மாம் நேரம்தான்."

"அவன் ஏன் பாய் அறுக்கல? அவனுக்கு எந்த ஆபீசுக்கும் பயம் கெடையாது. அந்தாளு சொல்றான், சீலுக்கு மரியாதை குடுத்தானாம். எங்க ஆத்தா செத்த வூட்டுலகூட மரியாதை தெரியாம சிரிச்சவன் அவன்."

உப்பளங்கள் இரண்டு பக்கமும் ஓடின. முள் நாற்பத்தைந்தில் நின்றது. அவள் கேட்டதற்குப் பதிலாக அதிகாரி சொன்னதையே பக்ருதீனும் சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள்.

"அறுக்கட்டான்னு என்னைக் கேட்டான்கா. நான்தான் தொடாதன்னேன்."

சொக்கம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை. அழவும் இல்லை. முன் கண்ணாடியில் தூறல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. எர்ணாவூர் போயிற்று. கழிமுகத்து நாற்றம் காற்றில் வந்தது. தூரத்தில் கூடைகளோடு எட்டுப் பெண்கள் ரயிலடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆக்சிலேட்டரில் பக்ருதீனின் கால் தானாகவே இளகியது. வண்டி வேகம் குறைந்தது.

"ஏன் மெதுவா போற?" என்றாள் சொக்கம்மாள். "ஓட்டு. இறா கெட்டுப்பூடும்."